கண்ணகி நகர் வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

பெயரும் பிளாக் நம்பரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, சென்னை கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

"எனக்கு 41 வயது. கூவம் கரையில் இருந்த எங்கள் குடிசையை 2002-ல் எடுத்துவிட்டு எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வீடு அம்மா பேரில் ஒதுக்கீடு. அப்பா முன்னமே இல்லை. அம்மா போன வருஷம் தவறிவிட்டார். ஒரு தம்பி இருக்கிறான், ஆவடியில். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஓ.எம்.ஆர். பக்கம் இரண்டு பிளாட்டில் வீட்டு வேலை செய்கிறேன். மகனுக்கு 19, ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் கஞ்சா கைமாறுகிறது. ஆறு மணிக்கு மேல் மகளைத் தண்ணீர் பிடிக்கக்கூட அனுப்புவதில்லை. போன மாதம் இரண்டு முறை, வேலை தேடிவிட்டு ராத்திரி திரும்பிய மகனை ரோந்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், போட்டோ எடுத்து, காகிதத்தில் கையெழுத்து வாங்கி, விடிந்ததும் விட்டார்கள். அவன் மேல் ஒரு கேஸும் கிடையாது. வேலைக்குப் போன இடத்தில் முகவரியைப் பார்த்ததும் 'அப்புறம் கூப்பிடுகிறோம்' என்கிறார்கள். ஒரு புரோக்கர் 6 லட்சம் தருகிறேன், பவர் எழுதிக் கொடு என்கிறார். விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு வேறு பக்கம் போய்விடலாமா? இல்லை, என் வளர்ப்பில்தான் குறையா?"

வழக்கறிஞரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து, ஒருவனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்து, இன்னொருத்தியை ஒன்பதாவது வரை கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை இனி உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வருவோம். இப்போது விற்காதீர்கள். ஊரை விட்டுப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது, போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த 6 லட்சத்துக்கு, இந்த முறையில் போகாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். அந்த வீடு இன்னும் சட்டப்படி உங்கள் குடும்பத்துச் சொத்து ஆகவில்லை. குடிசை மாற்று வாரியம், அதாவது 2021-லிருந்து தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், உங்கள் அம்மாவுக்குக் கொடுத்தது ஒதுக்கீட்டு ஆணை. தவணை முழுவதும் கட்டி முடித்து, வாரியம் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் வீடு உங்களுடையது. அதுவரை விற்கும் உரிமையே யாருக்கும் இல்லை. இது புரோக்கருக்கும் தெரியும். தெரிந்துதான் 'கிரயம்' என்று சொல்லாமல் 'பவர்' என்கிறார், அதாவது உங்கள் சார்பில் செயல்பட அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் சொத்து கைமாறாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அம்மா இறந்துவிட்டார். இறந்தவர் பெயரில் பவர் எழுத முடியாது. முன்பு அவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், அவர் மறைவோடு அது செல்லாமல் போய்விடும். 'அம்மா உயிரோடு இருந்தப்போ எழுதினதா தேதி போட்டுக்கலாம், ஒரு கைநாட்டு போதும்' என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். அது போலி ஆவணம். மாட்டினால் சிறைக்குப் போவது புரோக்கர் மட்டும் இல்லை, நீங்களும்தான். வாரியம் ஆய்வுக்கு வந்து, ஒதுக்கீடு பெற்ற குடும்பம் அங்கே இல்லை என்று கண்டால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம். அப்புறம் இன்னொரு அரசு வீடு கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நாளைக்கு அந்த வீட்டில் எது நடந்தாலும், எந்தப் பொருள் பிடிபட்டாலும், ஆவணத்தில் இருப்பது உங்கள் அம்மா பெயர். விசாரணை என்று வந்தால் முதலில் உங்களைத்தான் தேடுவார்கள்.

பணக் கணக்கையும் பாருங்கள். வெளியே மாதம் 9,000 ரூபாய்க்கு வீடு எடுத்தால், 6 லட்சம் ஐந்தரை வருடத்தில் வாடகையிலேயே கரைந்துவிடும். அட்வான்ஸ், மகளின் படிப்பு, ஒரு மருத்துவச் செலவு எல்லாம் சேர்ந்தால் மூன்று வருடம் தாங்குமா என்பதே சந்தேகம். அப்போது மகள் பன்னிரண்டாவது முடித்திருப்பாள். கையில் பணமும் இருக்காது, வீடும் இருக்காது.

செய்ய வேண்டியது வேறு. இ-சேவை மையத்தில் அம்மாவின் இறப்புச் சான்றிதழை வைத்து வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். தாசில்தார் கொடுப்பார். அதில் தம்பி பெயரும் கட்டாயம் வர வேண்டும். அவரை விட்டுவிட்டு வாங்கினால் பின்னாளில் வழக்கு வரும், உறவும் போகும். அது கைக்கு வந்ததும், ஒதுக்கீட்டு ஆணை, தவணை கட்டிய ரசீதுகள், ஆதார், ரேஷன் கார்டு, தம்பியின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்தில் பெயர் மாற்றம் கேட்டு மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்தக் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

ரசீது பாதி தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். இந்தக் கதவு எண்ணுக்கு இதுவரை கட்டப்பட்ட தொகை எவ்வளவு, நிலுவை எவ்வளவு, கிரயப் பத்திரம் பெற என்னென்ன கொடுக்க வேண்டும் என்று மூன்று கேள்வி போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் 2002-ல் வந்தவர்கள். தவணைக் காலம் முடிந்திருக்கலாம், அல்லது முடிவுக்கு அருகில் இருக்கலாம். ஓ.எம்.ஆர். ஓரத்தில் இருக்கும் ஒரு வீட்டைத் தேடி இந்த நேரம் பார்த்து புரோக்கர் வருவது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

சரி, இந்தத் தெரு ஏன் இப்படி ஆனது என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். 'நாங்க எல்லாம் கூவத்துல இருக்கும்போது இப்படி இல்லையே' என்கிறீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இது புரியாததால்தான் பலர் தங்களையே குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறார்கள்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது, முடிந்தவரை குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழி என்று நினைத்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் மார்க்கெட்டும் மாறாது, கூரை மட்டும் மாறும். பிறகு நகருக்குள் நிலம் விலை ஏற ஏற, ஆற்றங்கரையையும் ரோட்டோரத்தையும் காலி செய்து மக்களை வெளியே அனுப்பும் வழக்கம் வந்தது. 2000-ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தொடங்கியது அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அடுத்து எழில் நகர், பெரும்பாக்கம். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எல்லாமே எங்கிருந்தோ எடுத்து வரப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு. உங்களுக்குக் கொடுத்த வீடு 200 சதுர அடிகூட இருக்காது. ஐந்து பேர் படுத்தால் கால் நீட்ட இடம் இல்லாத வீட்டில், வளர்ந்த பையன் ராத்திரி பத்து மணி வரை வெளியே உட்காராமல் எங்கே போவான்? அவன் வெளியே உட்கார்ந்திருப்பதைத்தான் ரோந்து வண்டி பார்க்கிறது.

கூவம் கரையில் இருந்தபோது உங்கள் அம்மா வேலை பார்த்த வீடு நடந்து போகிற தூரம். பிள்ளை தெருவில் விளையாடினால் பக்கத்து வீட்டு ஆயா ஒரு கண் வைத்திருப்பார். யார் வீட்டுப் பையன் யாரோடு சேருகிறான் என்று தெருவுக்கே தெரியும். அந்தக் கண்களை எல்லாம் கலைத்து, குலுக்கல் முறையில் ஆளுக்கொரு பிளாக்கில் போட்டார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் தாய்மார்களை இங்கே நடந்த சட்ட உதவி முகாம்களில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளைகளைக் கேட்க ஆள் இல்லை. பள்ளி ஆண்டின் நடுவே குடும்பங்களை மாற்றியதால் படிப்பை விட்ட பிள்ளைகள் ஒரு தலைமுறையே இங்கே உண்டு. கஞ்சா விற்கிறவன் ஆள் தேடி வருவது இந்த மாதிரி இடத்துக்குத்தான். பிள்ளைகள் கெட்டவர்களாகப் பிறந்ததால் வந்த நிலை இல்லை இது.

இனி மகன் விஷயம். இதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. ஆகவே ஒவ்வொன்றாக, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

சந்தேகப்பட்டால் நிறுத்திப் பெயர், ஊர் கேட்க போலீசாருக்கு வழி உண்டு. அப்போது மகன் ஓடக் கூடாது, எதிர்த்தும் பேசக் கூடாது. பெயரைச் சொல்லி, ஐ.டி.ஐ. சான்றிதழோ ஆதாரோ காட்டட்டும். ஆனால் வழக்கு எதுவும் இல்லாத ஒருவனை ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைப்பது சட்டத்தில் இல்லாத வேலை. கைது என்றால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், ஏன் கைது என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணை மட்டும்தான் என்றால் பெரும்பாலான வழக்குகளில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துப் பகலில் வரச் சொல்லலாம். இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று கிடையாது.

அந்தக் கையெழுத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெற்றுத் தாளா, எழுதிய தாளா, என்ன எழுதியிருந்தது என்று மகனிடம் பொறுமையாகக் கேளுங்கள். விசாரணையில் ஒருவர் சொல்வதைப் போலீசார் எழுதிக்கொண்டால், அதில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 181-வது பிரிவே சொல்கிறது. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பழைய சட்டத்தில் '110 கேஸ்' என்பார்கள், இப்போது 129-வது பிரிவு. தொடர்ந்து குற்றம் செய்கிறவர் என்று சொல்லி, இனி ஒழுங்காக நடப்பேன் என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது. அதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். என்ன காகிதம் என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிணையை மீறினாய் என்று பின்னால் மாட்டிக்கொண்ட பையன்களுக்காக நான் வாதாடியிருக்கிறேன். இனிமேல் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். 'வக்கீலைக் கேட்டுட்டுப் போடறேன் சார்' என்று மரியாதையாகச் சொன்னால் போதும். அந்த உரிமையை அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு கொடுத்திருக்கிறது.

நடந்துவிட்ட இரண்டு இரவுகளையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். தேதி, பிடித்த இடம், ஸ்டேஷனுக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், யார் பார்த்தது என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைத்துப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே அந்தத் தேதிகளின் பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி போலீஸ் கமிஷனருக்கு ஒரு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். மறுபடி நடந்தால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வழி சொல்வார்கள். அந்த எண்ணை மகன் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் மனதில் இருப்பதுதான் உதவும்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கைரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. இன்ன சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று ஆயிரக்கணக்கானவர்களை ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். அதை எதிர்த்து 1920-ல் பெருங்காமநல்லூரில் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் ஒழிந்தது. பிறப்பை வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று இந்த மண் போராடி வாங்கிய பிறகு, முகவரியை வைத்து அதையே செய்வதை எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? உங்கள் நகருக்கு வைத்திருக்கும் பெயரை நினைத்துப் பாருங்கள். விசாரிக்காமல் தன் கணவனைக் கள்வன் என்று முடிவுகட்டியது ஏன் என்று அரசன் முன்னாலேயே போய்க் கேட்டவள் பெயர் அது. நீங்கள் ஒரு மனு போடத் தயங்க வேண்டியதில்லை.

மாடிப்படிக் கஞ்சா விஷயத்தில் மட்டும் தனியாகத் துணிச்சல் காட்டாதீர்கள். விற்கிறவனிடம் நேரில் பேச வேண்டாம், உங்கள் வீட்டுக்காரரையும் அனுப்ப வேண்டாம். போதைப்பொருள் தகவலுக்கு 1933 என்ற தேசிய எண் இருக்கிறது, அதில் சொல்லலாம். முடிந்தால் உங்கள் வீட்டுப் போனைத் தவிர்த்து வேறு இடத்திலிருந்து பேசுங்கள். அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது விளக்கும் பூட்டும்தான். இருட்டும் ஆளில்லாத மொட்டைமாடியும்தான் அவர்களுக்கு இடம். உங்கள் பிளாக்கில் இருக்கும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, மாடிப்படி விளக்கு, மொட்டைமாடிக் கதவு என்று இரண்டே கோரிக்கையோடு வாரியப் பொறியாளரிடம் மனு கொடுங்கள். தெருவிளக்குக்கு மாநகராட்சியின் 1913. கஞ்சா என்ற வார்த்தையே அந்த மனுவில் வர வேண்டாம். விளக்கு கேட்டவர்களை யாரும் பகைக்க மாட்டார்கள். குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து பராமரிப்புப் பணம் திரட்டினால் அரசும் தன் பங்கைப் போடும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்திலேயே அதைப் பற்றியும் கேளுங்கள். பிளாக்கில் ஏற்கெனவே பழக்கத்துக்கு ஆளான பிள்ளைகள் இருந்தால் அவர்களின் அம்மாக்களுக்கு 14446 என்ற ஆலோசனை எண்ணைக் கொடுங்கள். அந்தப் பையன்களை விற்கிறவனோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

வேலை விஷயத்தில் என்னிடம் சட்டப்படி பெரிய ஆயுதம் இல்லை. முகவரியைப் பார்த்து வேலை மறுக்கும் தனியார் கம்பெனியைத் தண்டிக்க நேரடிச் சட்டம் கிடையாது. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. ஆனால் காவல்துறையின் இணையதளத்தில் மகனே விண்ணப்பித்து, தன் மேல் வழக்கு இல்லை என்று போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்கலாம். நேர்காணலுக்குப் போகும்போது கையோடு கொண்டு போகட்டும். உறவினர் முகவரியைப் போட்டு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பின்னால் சரிபார்க்கும்போது பொய் சொன்னவன் என்ற பெயர் வரும், அது முகவரியால் வரும் பெயரைவிட மோசம். ஐ.டி.ஐ. முதல்வரைப் பார்த்து அப்ரென்டிஸ் இடங்களைக் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

மகளை ஆறு மணிக்கு மேல் வெளியே விடாதது எனக்குப் புரிகிறது. ஆனால் அவளை முழுக்க வீட்டுக்குள்ளேயே பூட்டிவிட வேண்டாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகா உங்கள் நகர்ப் பெண். 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் ஊரே சொல்கிறது. அவரைப் பார்த்து அங்கே இன்னும் நிறையப் பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருகிறார்கள். கோச்சும் நாலு அம்மாக்களும் கூட இருக்கும் மாலை நேரம், உங்கள் பிளாக் படிக்கட்டைவிடப் பாதுகாப்பானது. ஒரு நாள் நீங்களே கூடப் போய்ப் பாருங்கள்.

கிரயப் பத்திரம் உங்கள் பெயரில் பதிவான பிறகும் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் அப்போது எழுதுங்கள். வாரியத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, முறையாக விற்பது எப்படி, வாடகைக்கு விடுவது எப்படி என்று சேர்ந்தே யோசிக்கலாம். அன்றைக்குக் கிடைக்கும் விலையும் இந்த 6 லட்சமாக இருக்காது.

இப்போதைக்கு இந்த வாரம் இ-சேவை மையத்துக்கும் தபால் நிலையத்துக்கும் போய் வாருங்கள். வாரிசுச் சான்றிதழ் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், அசல் வேண்டாம். புரோக்கர் திரும்ப வந்தால், ஒதுக்கீட்டு ஆணையை அவர் கையில் கொடுக்காதீர்கள், 'போட்டோ எடுத்துக்கறேன்' என்றாலும்.